வேட்டைத் துப்பாக்கியும் உரைநடையும்

1936-ன் பிற்பாதியில், அதிக இடைவெளியில்லாமல், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கள் அச்சேறின. ஒன்று ஹெமிங்வேயின் 'பிரான்சிஸ் மக்கோம்பரின் குறுகிய இன்ப வாழ்வு' என்ற சிறுகதை. மற்றது ஆர்வெல்லின் 'யானையைச் சுடுதல்'. முன்னது நிறையப் பணம் கொடுக்கும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. பின்னது லண்டனில், நம்முடையதைவிடக் கொஞ்சம் வசதியான ஓர் இலக்கிய ஏட்டில். முன்னதன் களம் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி. (ஸ்வாஹிலியில் இச்சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். நம் பக்கத்தில் அது ஒரு காலத்தில் கிளை மேலாளர்கள் தைத்துப் போட்டுக்கொண்ட உடுப்பு.) பின்னதன் களம் கீழ்ப் பர்மாவிலுள்ள மௌல்மீன் ஊர்.

ஒன்றைக் கோழைத்தனம், தைரியம் என்றும் மற்றதை ஏகாதிபத்தியத்தின் வெறுமை என்றும் இரண்டு சொற்களில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அவை இரண்டுமே துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய எழுத்துக்களாகப் படுகின்றன. எந்த ரைஃபிளை எடுப்பது, எந்தக் குண்டைப் போடுவது, யார் கையில் எதைக் கொடுப்பது என்ற தீர்மானங்களை உருவி எடுத்துவிட்டால் இரண்டும் சரிந்துவிடும்.

இப்படிச் சொன்னதும் விழுப்புரத்து நண்பர்களிடம் எதிர்ப்பு வந்தது. எங்கள் சிறு கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பொருள்களின் பெயரும் அளவும் தகவல். தகவல் இலக்கியமாகாது என்பது ஒரு கட்சி. தான் எழுதும் பொருளின் பெயர்கூடத் தெரியாதவன் அனுபவத்தைப் பற்றிப் பேச அருகதையற்றவன் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் அந்தக் கட்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் குறை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் மக்கோம்பர். கதையில் முக்கியமாக மூன்று ரைஃபிள்கள். வாடிக்கையாளனான அமெரிக்கப் பணக்காரன் மக்கோம்பரிடம் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். கூலிக்கு வேட்டைக்கு அழைத்துப்போகும் வெள்ளைக்காரன் வில்சனிடம் .505 கிப்ஸ், குட்டையான, அவலட்சணமான, வாய் பெருத்த துப்பாக்கி. மூன்றாவது 6.5 மன்லிக்கர். எருமை வேட்டையின்போது யார் எதை எடுப்பது என்று வில்சன் பங்கிடுகிறான். ஸ்பிரிங்ஃபீல்ட் உன்னிடம், கனமானது என்னிடம், மன்லிக்கர் காரிலேயே அம்மாளிடம் இருக்கட்டும். சாதாரண வாக்கியம், படிக்கிறவன் கண் அதில் நிற்பதில்லை. கடைசியில் மனைவி மார்கோ காரிலிருந்து சுட்டு, குண்டு கணவன் மண்டையில் பாயும்போது அது பாய்வது அந்த மன்லிக்கரிலிருந்துதான். அவள் எருமையைக் குறிபார்த்தாளா அவனையா என்று விமர்சகர்கள் பல காலமாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. பங்கிட்ட வாக்கியத்தில்தான் கதையின் முடிச்சு விழுந்திருக்கிறது.

இன்னொரு இடம். மக்கோம்பர் சிங்கத்தைச் சுடும் கட்டத்தில் ஹெமிங்வே திடீரென்று சிங்கத்தின் பிரக்ஞைக்குள் போய்விடுகிறார். எதிரே ஒரு பெரிய உருவம், அதிலிருந்து பிரியும் ஒரு மனித வடிவம், பிறகு அடி. வயிற்றைக் கிழிப்பது 220 கிரெயின் எடையுள்ள சாலிட் குண்டு என்கிறார். சிங்கத்துக்குக் கிரெயின் கணக்கு எப்படித் தெரியும் என்று கேலி செய்யலாம். ஆனால் கவனியுங்கள். சாலிட் என்பது முனை முழுக்க உலோக உறை போட்ட குண்டு. யானை, காண்டாமிருகம் போன்றவற்றின் தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து நேராகப் போவதற்கானது. சிங்கம் மாதிரி மெல்லிய தோல் மிருகத்துக்கு வழக்கமாக எடுப்பது முனை மென்மையான குண்டு. உள்ளே போய் விரிந்து உடனே வீழ்த்தும். ஆகவே மக்கோம்பரின் தவறு கை நடுங்கியபோது ஆரம்பிக்கவில்லை. தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டபோதே ஆரம்பித்துவிட்டது. இதை ஹெமிங்வே விளக்குவதில்லை. அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். தெரிந்தவனுக்கு அந்த எண்ணில் ஒரு மனிதனின் தயாரிப்பின்மை முழுவதும் இருக்கிறது. தெரியாதவனுக்கும் ஏதோ ஒரு கனம் இறங்குகிறது.

அந்தக் கனத்தை நான் என் தொழிலின் வழியாக அறிந்துகொண்டேன். திண்டிவனத்தில் என் மேஜை நகைக்கடன் மேஜை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, தராசில் வைத்துச் சொல்லும் எடையைச் சீட்டில் எழுதுவது என் வேலை. ஒரு சவரன் எட்டு கிராம். 220 கிரெயின் பதினான்கு கிராம் சொச்சம். ஒன்றே முக்கால் சவரன். அதாவது மைலம், பேரணிப் பக்கத்து ஒரு குடும்பம் விதைப்புக்கு முன் கொண்டுவந்து வைக்கும் சங்கிலியைவிடச் சற்று லேசு. வில்சனின் .505-க்கு வழக்கமான குண்டு 525 கிரெயின். நாலு சவரனுக்குமேல் இரண்டு கிராம். 6.5 மன்லிக்கருக்கு 160 கிரெயின். ஒன்றேகால் சவரனுக்குக் கொஞ்சம் கூட. மக்கோம்பரைக் கொன்றது மூன்றிலும் லேசானது.

இனி நம் உரைநடைக்கு வருவோம். தமிழில் நான் படித்த வேட்டைக் காட்சிகளில் துப்பாக்கி வெறும் துப்பாக்கி. எடுத்தான், குறிபார்த்தான், சுட்டான், சுருண்டு விழுந்தது. அது தோளை உதைப்பதில்லை. சுட்டபின் காது அடைப்பதில்லை. ஈரத்தில் மருந்து நமத்துப்போவதில்லை. தோட்டா எத்தனை மிச்சம் என்று யாரும் எண்ணுவதில்லை. புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் கொல்லிமலை ஓரியின் வில்லைப் பாடுகிறார்: ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பாணன் பரிசில் வாங்க வந்த இடத்தில் அது அழகான பொய். வள்ளலின் வீச்சுக்கு ஓர் உருவம். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு நாவலாசிரியன் கையிலும் அதே வில் இருந்தால் அதை மரபு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பல் என்பேன்.

துப்பாக்கி நமக்கு அந்நியமான பொருள், அதனால்தான் என்று சமாதானம் சொல்கிறார்கள். அப்படியா? எங்கள் கிளையின் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் பன்னிரண்டு போர் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பன்னிரண்டு போர் என்றால், அந்தக் குழலின் விட்டத்துக்கு ஈயக் குண்டு வார்த்தால் பன்னிரண்டு குண்டு ஒரு பவுண்டு எடை நிற்கும் என்று அர்த்தம். பெயரே ஒரு தராசு. தூக்கிப் பார்க்கலாமா என்று ஒரு நாள் கேட்டேன். "அது மட்டும் கேக்காதீங்க சார், கையில குடுக்கக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "வெயிட்டு ஒண்ணும் பெரிசில்ல சார். மூணு மணிக்கு மேல இடது தோள் எரியும். அவ்வளவுதான்" என்றார். தமிழ்ப் புனைகதையில் துப்பாக்கியைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட இந்த வாக்கியம் மேல்.

ரயில் நிலையத்தில் ஊசிமணி விற்கும் நரிக்குறவர்களிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும். வாய்வழியாக மருந்து கொட்டி, கெட்டித்து, ரவை போட்டுக் குத்திச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. ஒரு வெடிதான், அடுத்ததற்குத் திரும்ப முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். ஆகவே அவர்களுக்குத் தேர்வு துப்பாக்கியில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. எத்தனை அடிக்குள் வந்தபிறகு சுடுவது என்ற அறிவு. 1972 வனவிலங்குச் சட்டம் அந்த அறிவைக் குற்றமாக்கியது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்தது. இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் அந்தக் கெட்டிப்பைப் பற்றி ஒரு நல்ல பக்கம் எழுதப்பட்டிருந்தால் யாராவது எனக்குக் காட்டலாம்.

இதுவரை என் கட்சிக்காரர்கள் தலையாட்டுவார்கள். இனிமேல்தான் சிக்கல்.

அளவுகளில் தேர்ந்தவை சஃபாரி நூல்கள். அந்த ஜாதி நூல்களின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் சாமான் ஜாபிதா. அமெரிக்க ஜனாதிபதி பதவி முடிந்த கையோடு 1909-ல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். .30 ஸ்பிரிங்ஃபீல்ட், சிங்கத்துக்கு.405 வின்செஸ்டர், பெரிய மிருகங்களுக்கு, ஆங்கிலேய அபிமானிகள் பரிசாகக் கொடுத்த இரட்டைக்குழல் ஹாலந்து. எந்த மிருகத்துக்கு எது, எவ்வளவு தூரத்தில், எத்தனை குண்டு என்று கணக்கு ஒழுங்காக இருக்கிறது. அவரும் மகனுமாகச் சுட்டவை 512. கூடவே ஒரு நூலகமும் போயிற்று. வியர்வையும் ரத்தமும் பட்டாலும் கெடாதபடி பன்றித்தோலில் கட்டிய புத்தகங்கள். மொத்தம் அறுபது பவுண்டு. அறுபது பவுண்டு ஏன் என்றால் அது ஒரு போர்ட்டர் சுமக்கும் சுமை. கவிதையின் கனம் ஒரு மனிதத் தலையை அளவையாக வைத்து நிறுக்கப்பட்டிருக்கிறது. புத்தகப் பெயர்கள் முழுவதும் பட்டியலில் உண்டு. சுமந்தவன் பெயர் பட்டியலில் இல்லை.

ரூஸ்வெல்ட் மொம்பாசாவிலிருந்து எஞ்சின் முகப்பில் உட்கார்ந்து காட்சி பார்த்துக்கொண்டே போனாரே, அந்த ரயில் பாதை 1896-க்கும் 1901-க்கும் இடையில் போடப்பட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தில் போய்ப் போட்டது, பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். 1898-ல் சாவோ ஆற்றுப் பாலத்து வேலையை இரண்டு சிங்கங்கள் நிறுத்திவைத்த கதையைப் பொறியாளர் பாட்டர்சன் 1907-ல் நூலாக எழுதினார். பழகாத இரவல் ரைஃபிள் கழுத்தறுத்ததைப் பற்றி அவர் எழுதியிருப்பது நல்ல உரைநடை. ஒரு 'சொடக்'கில் உயிர் தொங்குகிறது. சிங்கங்கள் தின்றவர்களில் இந்தியர் 28 என்று கணக்குக் கொடுக்கிறார். ஆப்பிரிக்கர்கள் பலர் என்றும் அவர்களுக்கு அரசாங்கப் பதிவு கிடையாது என்றும் சொல்லிவிட்டு மேலே போகிறார். பதிவு இல்லாததைப் பதிவு செய்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

மக்கோம்பர் கதைக்கே திரும்புங்கள். காயம்பட்ட சிங்கம் புதருக்குள் கிடக்கிறது. உள்ளே போய் முடிக்க வேண்டும். துப்பாக்கி தூக்கிகளின் கதி என்ன என்று மக்கோம்பர் கேட்கிறான். அவர்களும் வருவார்கள், அது அவர்கள் பாடு, கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்கிறான் வில்சன். முகத்தில் அவ்வளவு சந்தோஷமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். நாள் முழுவதும் கையெழுத்தையும் கைநாட்டையும் சரிபார்த்துக் கழிக்கும் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போவது கஷ்டமாக இருக்கிறது. சிங்கத்தின் பிரக்ஞைக்குள் நுழைய ஹெமிங்வேயால் முடிந்தது. பக்கத்தில் நிற்கும் துப்பாக்கி தூக்கியின் பிரக்ஞை வாசலில் நின்றுவிடுகிறார். குண்டின் எடை அவருக்குத் தெரியும். அதைச் சுமந்தவன் தோள் எந்த மணிக்கு எரிய ஆரம்பிக்கும் என்பது தெரியாது, அல்லது தேவைப்படவில்லை. கலைஞனாக இது அவர் எல்லை. மனிதாபிமானம் போதவில்லை என்று நான் புகார் செய்யவில்லை. பார்வை போதவில்லை என்கிறேன். அவருடைய அளவுகோலாலேயே அளந்து சொல்கிறேன்.

ஆர்வெல் விஷயம் வேறு, அதிக சங்கடமானது. மதம் பிடித்த யானை ஒன்று கடைத்தெருவில் அட்டகாசம் செய்கிறது. போலீஸ் அதிகாரி கையில் .44 வின்செஸ்டர் எடுத்துப் போகிறார். யானையைக் கொல்ல அது போதாது, சத்தம் போட்டு மிரட்டலாம் என்ற எண்ணம். குடிசைகளுக்கு நடுவே சேற்றில் ஒரு பிணம். யானை மிதித்து, முதுகுத் தோலை உரித்துவிட்டிருக்கிறது. பிணத்தைப் பார்த்த மறு நிமிஷம் ஆர்டர்லியை அனுப்பி, பக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டிலிருந்து யானைத் துப்பாக்கியை இரவல் வாங்கிவரச் சொல்கிறார். ரைஃபிளும் ஐந்து தோட்டாக்களும் வருகின்றன. தற்காப்புக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் பெரிய துப்பாக்கியைக் கண்டதும் ஊர் திரண்டுவிடுகிறது. .44-ஐ வைத்திருந்தவரை அவர் வெறும் அதிகாரி; அந்த ஜெர்மன் ரைஃபிளைத் தோளில் மாட்டியதும் கொல்லக் கடமைப்பட்டவர். இரண்டாயிரம் பேர் பின்னால் நடக்கிறார்கள். முன்னே யானை மதம் தணிந்து புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரையில் ஏகாதிபத்தியம் பற்றிய பிரசித்தமான யோசனை வருவதற்கு முன்னாலேயே, துப்பாக்கி மாறிய இடத்தில், எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அதற்குப்பின் வருவது விளக்கம்தான். எங்கே குறிபார்க்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காதுத் துளைக்கு நேரே சுடுவதற்குப் பதில் அதற்கும் முன்னால் தள்ளிச் சுடுகிறார். ஐந்து தோட்டாவும் தீர்கிறது. யானை சாகவில்லை. பிறகு பழைய .44-ஐ வரவழைத்து நெஞ்சிலும் தொண்டையிலும் சுட்டுக்கொண்டே இருக்கிறார். அரை மணி ஆயிற்று என்று பின்னால் கேள்விப்படுகிறார்.

சேற்றில் கிடந்தவன் யார்? ஆர்வெல் அவனுக்கு இனம் கொடுக்கிறார், நிறம் கொடுக்கிறார், தொழில் கொடுக்கிறார். இந்தியன், திராவிடன், கறுத்த கூலி. பெயர் இல்லை. கடைசியில் இளம் வெள்ளைக்காரர்கள் யானையின் விலையையும் அவன் விலையையும் ஒப்பிட்டுப் பேசும்போது 'கோரங்கி' என்று ஒரு சொல் வருகிறது. கோதாவரி முகத்துவாரத்துத் துறைமுகத்தின் பெயர் அது. அங்கிருந்து கப்பலேறிய தெலுங்குக் கூலிகளை பர்மாவில் அப்படி அழைத்தார்கள். மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் போனவர்கள். வில்சன் சொன்ன கையெழுத்தின் இந்தியப் பதிப்பு.

அவன் இறந்ததில் தனக்குச் சந்தோஷம் என்று ஆர்வெல் எழுதுகிறார். சட்டப்படி யானையைக் கொன்றது சரியென்று ஆகிவிட்டதாம். அப்படி எழுதத் துணிவு வேண்டும். தன் பிரக்ஞையின் அழுக்கை அவர் மறைக்கவில்லை. ஆகவே இங்கே என் வழக்கு ஆர்வெல்லோடு அல்ல, வாசகனோடு. பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு இந்தக் கட்டுரை பாடம். ஆசிரியர் குறிப்புக் கொடுத்தார்: முரண், குறியீடு, ஏகாதிபத்தியவாதி தன் சுதந்திரத்தையே இழக்கும் அவலம். யானை செத்ததற்கு வகுப்பே உருகியது. சேற்றில் கிடந்தவனைப் பற்றி ஒரு வரி குறிப்பு இல்லை; தேர்வில் கேள்வியும் இல்லை. அவ்வளவு பேரும் கறுத்த திராவிடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பு. பழைய தென்னார்க்காட்டிலிருந்து, இந்தத் திண்டிவனம், விழுப்புரம் தாலுக்காக்களை உள்ளிட்ட ஜில்லாவிலிருந்து, நேட்டாலுக்கும் மற்ற இடங்களுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் ஊர்க்காரர்கள். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுபோனது இப்படிப்பட்டவர்களைத்தான். ஆப்பிரிக்காவுக்கு நாம் போன சஃபாரி அது. அதற்குச் சாமான் ஜாபிதா எழுதும் அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. கப்பல் பதிவேட்டில் பெயர், அப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு.

இதை அரசியல் விமர்சனம், இலக்கிய விமர்சனம் அல்ல என்று தள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பொருள்களின் அளவைக் கோரும் அழகியல், அளவு எங்கே நிற்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரு பிரதியில் 220 கிரெயின் இருக்கிறது, ஐந்து தோட்டா இருக்கிறது, அறுபது பவுண்டு புத்தகம் இருக்கிறது. ஓர் இடத்தில் எண் மழுங்கிப் 'பலர்' ஆகிறது. அந்த இடம் எது என்பது உருவத்தைப் பற்றிய கேள்வி.

இரண்டையும் செய்தவர் இல்லாமலில்லை. ஜிம் கார்பெட்டை நாம் புலிக்கதைக்காரர் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். தி.ஜ.ர. அவருடைய முதல் நூலைக் 'குமாயுன் புலிகள்' என்று தமிழாக்கிய பிறகும் அதைச் சிறுவர் அலமாரியில்தான் வைத்தோம். கார்பெட்டுக்குத் துப்பாக்கி தெரியும். 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குக் கிடைத்த.275 ரிக்பி அவர் பக்கங்களில் ஒரு பாத்திரம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஆனால் 1952-ல் வந்த 'என் இந்தியா' நூலில் மொகாமே காட் ரயில்வே கூலிகளைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். புத்து என்று ஒருவன். தாத்தா வாங்கிய இரண்டு ரூபாய்க் கடன் அப்பன் தலையில் ஏறி, இவன் தலையில் ஏறி, அடைக்க அடைக்க வளர்ந்து நிற்கிறது. அந்தக் கணக்கைக் கார்பெட் புலியின் காலடித் தடத்தைப் படிக்கிற அதே பொறுமையோடு படிக்கிறார். எந்தப் பத்திரத்தில் எப்போது கைநாட்டு விழுந்தது என்று. அவர் ராஜவிசுவாசி, பழைய காலத்து எஜமானர். 1947-ல் இந்தியாவை விட்டு ஆப்பிரிக்காவுக்கே போய் 1955-ல் நையேரியில் இறந்தவர். அரசியலில் ஆர்வெல்லுக்குக் கால்தூசி பெறமாட்டார். ஆனாலும் கூலிக்குப் பெயரும் கடன் தொகையும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. இது எனக்கு அசௌகரியமான முடிவு. நண்பர்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஆர்வெல் கட்டுரையை நம் ஏட்டுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. .44-ஐ அப்படியே விட்டிருக்கிறேன். 'சிறிய துப்பாக்கி' என்று மாற்றச் சொன்னவர்களுக்குக் காரணம் மேலே இருக்கிறது. 'கோரங்கி'யையும் அடிக்குறிப்பில்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன். தீராதது 'கூலி' என்ற சொல்தான். ஆங்கிலத்தில் அது இறக்குமதிச் சரக்கு, ஒரு வசை. தமிழில் அது நம் வீட்டுச் சொல். சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாங்கும் பணத்துக்கும் அதுதான் பெயர். ஆங்கில வாக்கியத்திலுள்ள இகழ்ச்சியைக் கொண்டுவர 'கூலிப்பயல்' என்று ஒரு தரம் எழுதிப் பார்த்தேன். இகழ்ச்சி வந்தது, ஆனால் பேசியது வெள்ளைக்காரன் மாதிரி இல்லை, நம் ஊர்ப் பண்ணைக்காரர் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். இப்போதைக்கு அந்த இடம் கையெழுத்துப் பிரதியில் காலியாக இருக்கிறது. யாருக்காவது வேறு சொல் தோன்றினால் அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.